காற்றுக்கு முந்திப் பிறந்தவர்கள்

பேப்பரில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு பத்தி போடுகிறான். நேற்று ஜனவரி ஆறு. பெருங்காற்று அடித்து நூறு வருஷம் ஆகிவிட்டதாம். டப்ளினில் எத்தனை புகைபோக்கி விழுந்தது, எத்தனை கப்பல் முழுகியது, கடல் மீன் எவ்வளவு தூரம் பறந்து வயலில் கிடந்தது என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறான். ரொம்ப சந்தோஷம். அதே இரவில் எங்கள் எரிஸ் கடற்கரையில் ஒரு பெண் குழந்தை பிறந்ததை மட்டும் எழுதவில்லை. அவனைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவள் அன்றைக்குப் பிறக்கவே இல்லை என்று சர்க்கார் ஆளின் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஊர் எங்கள் ஊர். அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் என்னைப் பெற்ற அப்பன், மைல்ஸ் பேடன். செத்தவர்களைப் பற்றி நல்லதாகப் பேச வேண்டும் என்கிறார் பாதிரியார். நல்லது இருந்தால் பேச மாட்டேனா?

அவள் பெயர் நாப்லா லவெல். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கேட்க விருப்பமில்லாதவர்கள் எழுந்து போகலாம்.

அவள் பிறந்த நாள் பெண்களின் கிறிஸ்துமஸ். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஆண்கள் வாயை மூடிக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள். அன்று மத்தியானம் ஒரு புல்கூட அசையவில்லையாம். ஜனவரி மாதத்தில் அப்படி ஒரு புழுக்கம். இருட்டியதும் கடல் பக்கமிருந்து வந்தது காற்று. நிறைமாதமாக இருந்த லவெல் வீட்டுக்காரிக்கு வலி கண்டதும், கூரை பிய்த்துக்கொண்டு போனதும் ஒரே நேரத்தில். அடுப்புக் கங்கு பறந்துபோய், தரையில் கிடந்த வைக்கோலும் பற்றிக்கொண்டது. பெண்கள் அவளை இழுத்துக்கொண்டு போய்க் கரிமண் அடுக்கின் மறைவில் படுக்க வைத்தார்கள். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து நாங்கள் அடுப்பெரிப்போமே, அந்தக் கட்டிகளை வீட்டு உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். அதன் மறைவில்தான் நாப்லா பிறந்தாள். விடிந்து காற்று ஓய்ந்தபோது குழந்தை கத்திக்கொண்டிருந்தது. அம்மா விறைத்துப் போயிருந்தாள்.

"அம்மாவத் தின்னுட்டு வந்தது" என்றார்கள். அன்றைக்குச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் நடக்கத் தொடங்குவதற்கு முன்பே அதுதான் அவளுக்குப் பெயர். கொஞ்சம் பலமாகக் காற்று வீசினால் போதும், யாராவது ஒரு வீணாய்ப்போனவன் ஆரம்பிப்பான்: "ஏ நாப்லா, உங்கம்மா கதவத் தட்டுறா. போய்த் தொற." நாலு வயதில் ஒரு தடவை அவள் நிஜமாகவே எழுந்து போய்க் கதவைத் திறந்தாளாம். வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். அந்தக் கதையை எனக்கே பத்து பேர் சொல்லியிருக்கிறார்கள், பத்து பேரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

பஞ்சம் வந்தபோது நாப்லாவுக்கு ஆறேழு வயது. உருளைக்கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே கறுத்து நாறிப் போன காலம். அவள் அப்பன் சாலை போடும் வேலைக்குப் போய், அந்தச் சாலையிலேயே விழுந்து செத்தான். பக்கத்து வீடு எங்கள் தாத்தா வீடு. என் அப்பா அப்போது கைக்குழந்தை. அவர் அம்மாவுக்குப் பாலும் இல்லை, எழுந்து நிற்கத் தெம்பும் இல்லை. நாப்லாதான் அவரைச் சால்வையில் முதுகோடு கட்டிக்கொண்டு கடலுக்குப் போவாள். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைக் கல்லால் தட்டி எடுத்து, தன் வாயில் போட்டு மென்று, கூழாக்கி அவர் வாயில் வைப்பாள். இதை நானாகச் சொல்லவில்லை. என் அப்பாவே சாராயம் உள்ளே போனால் கண்ணீர் விட்டுக்கொண்டு சொல்வார்: "நாப்லாக்கா முதுகுதான் எனக்குத் தொட்டிலு. அக்கா இல்லன்னா நான் இல்ல." அவர் மட்டும் இல்லை. காற்றுக்குப் பிந்திப் பிறந்து பஞ்சத்தில் பிழைத்த பாதிப்பேர் அவள் முதுகில் வளர்ந்தவர்கள்தான். எல்லாருக்கும் அவள் நாப்லாக்கா.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவைத் தின்றவளை யார் கட்டுவான்? பஞ்சத்தில் அவளோடு பிழைத்த அண்ணன் வீட்டில் உழைத்தாள். அண்ணன் செத்தபின் அவன் மகன் ஃபெஸ்டியிடம் உழைத்தாள். ஃபெஸ்டி நல்லவன் என்பார்கள். வாயில்லாதவனை எல்லாரும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள். அவனுக்கு வாய்த்தவள் என் அக்கா டெலியா. அவளுக்கு இரண்டு பேருக்கான வாய் இருந்தது. கடல்பாசி சுமப்பது, கரிமண் சுமப்பது, மாடு பார்ப்பது எல்லாம் நாப்லா. படுக்கை, மாடு கட்டும் பக்கம். கடைசி இரண்டு குளிர்காலமாக அவளுக்கு இருமல் வந்து சுமை தூக்க முடியாமல் போனதும், அவள் சாப்பிடும் ஒவ்வொரு கிழங்கையும் டெலியா கண்ணாலேயே எண்ண ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான், முப்பது வருஷத்துக்கு முன்னால், பென்ஷன் வந்தது. நான் அப்போது சின்னப் பெண். எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங், சர்க்கார் சும்மா கொடுக்குமாம். எங்கள் ஊரில் யாரும் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. அதை விசாரிக்க வந்தவன், வழக்கமாகக் கள்ளச்சாராயம் பிடிக்க வரும் ஆபீசர். அவன் தலையைக் கண்டதும் ஆண்களெல்லாம் பானையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடினார்கள். அவன் கொடுக்க வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் அதே மலையிலிருந்து கம்பு ஊன்றி, கால் நொண்டி இறங்கி வந்தார்கள் பாருங்கள், அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். போன வருஷம் பெண் பார்க்கப் போன இடத்தில் நாற்பத்தைந்து என்று சொன்னவன், இந்த வருஷம் எழுபத்திரண்டு என்றான்.

வயதுக்கு அத்தாட்சி எவனிடமும் கிடையாது. பிறப்பைப் பதிந்து வைக்கிற வழக்கமே எங்கள் பக்கம் பஞ்சத்துக்கு வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அதனால் ஆபீசர் ஒரே கேள்வி கேட்பான்: "பெருங்காத்து ஞாபகம் இருக்கா?" காற்று அடித்து அப்போது சரியாக எழுபது வருஷம். காற்றுக்கு முந்திப் பிறந்திருந்தால் பென்ஷன், பிந்திப் பிறந்திருந்தால் இல்லை. அதற்கு ஊர் ஊராக ஒரே பதில் தயாரானது: "ஏன் இல்லாம? கையில கெழங்கு வாங்கித் தின்ற வயசுங்கய்யா." தானே கிழங்கை உரித்துத் தின்கிற வயது என்றால் மூன்று நான்கு இருக்குமே, அதுதான் கணக்கு.

டெலியா நாப்லாவிடம் பச்சையாகச் சொல்லிவிட்டாள். "பென்ஷன் வந்தா அடுப்புப் பக்கம் படுக்கை. வரலேன்னா வண்டி கட்டி பெல்முல்லட்டு ஏழை விடுதில விட்டுட்டு வரச் சொல்லிருவேன். இருமிக்கிட்டு கெடக்கறவளுக்கு எவ்வளவு நாள் அவிச்சுக் கொட்டுறது?"

ஏழை விடுதி என்றால் எங்கள் பக்கத்தில் குலை நடுங்கும். பஞ்சத்தில் அதற்குள் போனவர்கள் திரும்பியதில்லை. அங்கே காலை வைத்தவர்களுக்குப் பென்ஷன் கிடையாது என்று சட்டமே இருந்தது. ஆனால் நாப்லா பயப்படவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எதுக்குடி பயம்? என் நாளத்தானே கேக்கறான்!" என்றாள் என்னிடம். "எனக்குக் கெழங்கும் வேணாம், கையும் வேணாம். அன்னைக்குத்தான் பொறந்தேன்னு சொல்லுவேன். அவன் வர்ற அன்னைக்கு எனக்குச் சரியா எழுபது. பாத்துக்கோயேன்."

ஆபீசர் பள்ளிக்கூடத்தில் வந்து உட்காரப் போவது ஜனவரி ஆறாம் தேதிதான்.

அவள் இப்படிச் சொல்லிக்கொண்டு திரிவது என் அப்பா காதில் விழுந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை அப்படியே கீழே வைத்தார். "அடக் கடவுளே! இவ வாயத் தொறந்தா நாம எல்லாம் அம்பேல்."

அவருக்கு அப்போது அறுபத்து நாலு. ஆபீசரிடம் சொல்ல வைத்திருந்த வயது எழுபத்து நாலு. காற்று அடித்த இரவில் நாப்லா பிறந்தாள் என்றால், அவள் தூக்கி வளர்த்தவன் எவனும் எழுபதைத் தொட முடியாது. ஊரில் அவளை அக்கா என்று கூப்பிடுகிற எல்லாருக்கும் அதோடு முடிந்தது. அன்றைக்கே நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஃபெஸ்டி வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"நாப்லாக்கா, ஆபீசர் கேட்டா காத்து அடிச்சப்ப உனக்குப் பத்து வயசுன்னு சொல்லிரு" என்றார் அப்பா.

"ஏன்டா? அன்னைக்குத்தானேடா பொறந்தேன்."

"நீ அன்னைக்குப் பொறந்தேன்னா, உன் முதுகுல வளந்த நான் எப்பக்கா பொறந்தேன்? நீயே யோசிச்சுப் பாரு. பத்துன்னு சொன்னா உனக்கும் கெடைக்கும், எங்களுக்கும் கெடைக்கும். உனக்கு என்ன நஷ்டம்?"

அவள் யோசித்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பத்து வயசுன்னா... எங்கம்மா என்னப் பெத்துப் போட்டுச் சாகலையா?"

"சாகல."

"அப்ப நான் எங்கம்மாவக் கொல்லல."

டெலியா சிரித்துவிட்டாள். "இல்ல தாயே, நீ கொல்லல. போதுமா?"

"நீ சொல்லாத. மைல்ஸு சொல்லட்டும்."

"நீ கொல்லலக்கா" என்றார் அப்பா. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஒவ்வொருவனும் சொன்னான். அவர்களுக்கு அது ஒரு கூத்தாக இருந்தது, ஒருவன் தொப்பியை வேறு கழற்றிக்கொண்டு சொன்னான். அவள் இரண்டு கையையும் மடியில் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எழுபது வருஷம் கொலைகாரி என்று சொல்லிவிட்டு, பென்ஷனுக்காக ஒரு மத்தியானத்தில் இல்லை என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு எரியவில்லை. மறுநாள் என்னைப் பிடித்து நிறுத்தி, "வின்னி, எங்கம்மாவுக்கு முடி என்ன நெறமா இருந்திருக்கும்?" என்று கேட்டாள்.

"எனக்கெப்படித் தெரியும் அத்தை? உங்க முடி மாதிரி இருந்திருக்கும்."

"அப்ப கறுப்பு" என்றாள். அதையே முணுமுணுத்துக்கொண்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனாள்.

ஆறாம் தேதி பூசை முடிந்து எல்லாரும் பள்ளிக்கூடத்தில் கூடினோம். ஆபீசருக்கு ஜலதோஷம். எங்கள் பாஷை ஓரளவு பேசுவான். எந்த ஊருக்குப் போனாலும் அதே கிழங்கைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தான். அப்பா முன்னால் போய் நின்றதும், "கையில கெழங்குதானே? தெரியும், தெரியும்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதிக்கொண்டான். அப்பா எழுபத்து நாலு வயதுக்காரராகத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இன்னும் சிலருக்கும் அப்படியே ஆனது. பிறகு நாப்லா.

"காத்து ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்கய்யா. எனக்குப் பத்து வயசு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப எண்பதா? முடி இன்னும் கறுப்பா இருக்கே."

"எங்கம்மா முடிங்கய்யா. அவங்களுக்கு நல்ல கறுப்பு, நீளம்." அவள் குரலே மாறிவிட்டது. "கூரை போனப்ப அம்மா என்ன மடியில வச்சுக்கிட்டு என் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாங்க, சத்தம் கேக்கக் கூடாதுன்னு. 'பயப்படாதடி, நான் இருக்கேன்ல'ன்னாங்க. காலைல எழுந்து எனக்குத் தலை வாரி விட்டாங்க. அப்புறம்..."

"அது போதும்மா. அம்மா எப்பச் செத்தாங்க?"

அதற்கு மட்டும் அவளுக்கு யாரும் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. "பஞ்சத்துலன்னு சொல்லித் தொல" என்று டெலியா பல்லைக் கடித்தாள்.

"சாகலைங்க" என்றாள் நாப்லா.

பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. ஆபீசரும் சிரித்தான். "சாகலையா? நூறு வயசு தாண்டியிருக்கணுமே. அவங்களுக்கும் பென்ஷன் எழுதவா?"

"நான் கொல்லலைங்கய்யா. இவங்களே சொன்னாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க. இந்தா, மைல்ஸு சொன்னான், எல்லாரும் சொன்னாங்க."

சிரிப்பு நின்றது. ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தான். சாராயம் பிடிக்கிறவன் அல்லவா, எங்கே மோப்பம் பிடிப்பது என்று தெரியும். அப்பா பக்கம் திரும்பினான். "என்ன சொன்னீங்க இவங்ககிட்ட? எதுக்குச் சொன்னீங்க?"

இந்த இடத்தில் என் அப்பா ஒரு வார்த்தை உண்மை பேசியிருந்தால் அவளுக்குப் பென்ஷன். அவருக்கு இல்லை. உண்மை வேண்டாம், நல்லதாக ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். பஞ்சத்தில் செத்தாள், இவளுக்கு மறதி என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் பயந்துவிட்டார். பயந்த மனுஷனின் கை எது பக்கத்தில் இருக்கிறதோ அதைத்தான் பிடித்துத் தள்ளும்.

எழுந்து நின்றார். "ஏ புள்ள நாப்லா, சும்மா இரு" என்றார்.

புள்ள. அறுபது வருஷமாக அக்கா என்று கூப்பிட்ட வாய் அது. சொல்லும்போது கூசவில்லை.

"ஐயா மன்னிக்கணும். இது கொஞ்சம் கழண்ட கேஸு. அம்மா இல்லாத புள்ள, வாய்க்கு வந்தத ஒளறும். காத்தாவது, பத்து வயசாவது! பஞ்சத்தப்ப இவ கைக்கொழந்தைங்க. நான்தான் இவள முதுகுல கட்டித் தூக்கி வளத்தேன். சிப்பி மென்னு ஊட்டினேன்."

"அப்ப என்ன வயசு இருக்கும்?"

"அறுபத்து நாலு இருக்கும்."

தன் வயதைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார். ஆபீசர் டெலியாவைப் பார்த்தான். "ஆமாங்கய்யா, எங்கப்பா சொல்றதுதான் சரி" என்றாள். ஃபெஸ்டியைப் பார்த்தான். அந்த நல்லவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

"டேய் மைல்ஸு!" என்று நாப்லா கத்தினாள். "ஐயா, நான் அந்த ராத்திரி பொறந்தவ! காத்தன்னைக்கேதான் பொறந்தேன்! எங்கம்மா என்னப் பெத்துட்டுச் செத்தாங்க, நான்தான்... நான்தான் கொன்னேன். ஊருக்கே தெரியும். இன்னைக்கு எனக்கு எழுபது!"

"இப்பத்தானேம்மா பத்து வயசுன்னே, அம்மா சாகலேன்னே?" என்றான் ஆபீசர். அவன் கத்தவில்லை, அலுப்போடுதான் சொன்னான். "போயிட்டு ஆறு வருஷம் கழிச்சு வா."

அவள் பெஞ்சுகளைப் பார்த்துத் திரும்பினாள். "யாராச்சும் சொல்லுங்களேன்" என்றாள். அத்தனை பேரும் கூரையில் ஏதோ இருப்பதைப் போல அண்ணாந்து பார்த்தார்கள். நான் "அவங்க சொல்றதுதான்..." என்று ஆரம்பித்தேன். டெலியா என் வாயைப் பொத்தி, மயிரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அடுத்த வாரமே ஃபெஸ்டி கழுதை வண்டியைக் கட்டினான். வண்டியில் ஏறியபின் டெலியா ஓடி வந்து நாப்லாவின் தோளிலிருந்த சால்வையை உருவிக்கொண்டாள். "அங்க குடுப்பாங்க. இது நல்ல சால்வை" என்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. என் அப்பா வீட்டுக்குள் இருந்தார். ஜன்னல் பக்கம் வரவில்லை.

தபசு காலத்தில், நோன்பு இருக்கும் நாற்பது நாளில் ஒரு நாள், நான் பெல்முல்லட்டுக்கு நடந்து போய் அவளைப் பார்த்தேன். நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள், எல்லாரும் ஒரே மாதிரி சாம்பல் நிற உடுப்பு. அவள் இருமலோடு படுத்துக் கிடந்தாள். பாதியாகிவிட்டிருந்தாள். ரொட்டி கொண்டுபோயிருந்தேன். அதைத் தொடவில்லை. ஊரைத் திட்டுவாள், என் அப்பனைச் சபிப்பாள், நாமும் கூடச் சேர்ந்து திட்டலாம் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வேறு எதையோ கேட்டாள்.

"வின்னி, உங்கப்பன் சொன்னானே, என்ன முதுகுல தூக்கினேன்னு. எப்பத் தூக்கினான்?"

எனக்கு விளங்கவில்லை. "என்னது அத்தை?"

"எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது. நான்தான் அவனத் தூக்கினேன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஆனா அத்தன பேரு முன்னாடி, ஆபீசர்கிட்டச் சொன்னானே. சும்மா சொல்லுவானா?"

கேலியாகக் கேட்கவில்லை. அந்த முகத்தில் கேலியே இல்லை. அவன் பொய் சொன்னான் அத்தை, உங்களை யாரும் தூக்கியதில்லை என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"சும்மா சொல்ல மாட்டாரு" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றாள். "சின்னப் புள்ளைல என்னையும் ஒருத்தன் தூக்கியிருக்கான்." அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். நான் எழுந்து வரும்வரை திறக்கவில்லை. ஈஸ்டருக்கு முன்னாலேயே போய்விட்டாள் என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள்.

அவளைப் பார்த்துவிட்டு அன்று வீடு திரும்பியதுமே அப்பாவிடம் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழ வைக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் பென்ஷனில் வாங்கிய சர்க்கரையை டீயில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா!" என்றார். "அவளே ஒத்துக்கிட்டா."